நாலு கிலோ மகான்

மனித குலத்தை உயர்த்தியவர்கள் இருவர். ஒருவர் சக்கரத்தைக் கண்டுபிடித்தவர். மற்றவர், மலையேறப் போகுமுன் பல் துலக்கும் பிரஷ்ஷின் காம்பைப் பாதியாக அறுத்து எறிந்தவர். முதலாமவர் யாரென்று தெரியாது. இரண்டாமவர் பதிவு அலுவலகத்தில் தலைமை எழுத்தர்.

காம்பை அறுத்ததில் ஆறு கிராம் மிச்சம். ஒரு வாரமாகச் சமையலறைத் தராசு அவர் மேசையில்தான் இருந்தது. மனைவி சர்க்கரையைக் கைநிதானமாகப் போட்டுச் சமாளித்தாள்.

கூடாரம் வாங்கப் போன கடையில் ஒரு விசாரணையே நடந்தது.

"இது எத்தனை வருஷம் உழைக்கும்?"

"உங்க ஆயுசுக்கும் வரும் சார்."

"எழுத்துல குடுப்பீங்களா?"

கடைக்காரர் கொடுக்கவில்லை. ஆனாலும் எழுத்தர் வாங்கினார்.

புறப்படுமுன் வீட்டில் 'எடைக் குறைப்புக் கூட்டம்' கூடியது. தலைவர், செயலாளர், உறுப்பினர் எல்லாம் அவரே, மனைவி பார்வையாளர். அடுப்பு, பாத்திரம், மருந்துப் பெட்டி, அந்தப் புதுக் கூடாரம் ஆகியவை அவருடைய பைக்கு 'அவசியமற்ற சுமை' என்று ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.

"அப்ப இதெல்லாம்?"

"உன் பையில இடம் இருக்கே."

ஆறு வருஷமாக அவர் பை நாலு கிலோவைத் தாண்டாத ரகசியம் இதுதான். மனைவியின் பையை நிறுக்க விதிகளில் இடமில்லை. பாதி மலையில் ஓர் ஓடை உண்டு. அதுவரை தூக்கி வந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். மலையுச்சியை அவள் பார்த்ததெல்லாம் அவர் போனில்தான். அதிலும் பாதியை அவர் தலை மறைத்திருக்கும். முழங்கால் ஒத்துழைக்கும்போதே ஒரு தடவையாவது நேரில் பார்த்துவிட வேண்டும் என்று அவளுக்குக் கொள்ளை ஆசை.

இந்த வருஷமும் எழுத்தர் முதலில் ஓடைக்கு வந்து சேர்ந்தார். அங்கே இளைப்பாறிக்கொண்டிருந்த ஒரு பயணியிடம் தன் பையை ஒற்றை விரலில் தூக்கிக் காட்டினார்.

"எல்லாம் ஒழுக்கம் சார். வேண்டாததை விட்டுடணும். மனசு கேக்காது, ஆனா விட்டுடணும்."

அப்போது மனைவி வந்தாள். உட்காராமல் மேலே நடந்தாள்.

"எங்க போற? அடுப்பு மூட்டலையா?"

"அடுப்பு வீட்ல இருக்கு."

"கூடாரம்?"

"அதுவும்தான். நானும் தராசுல வச்சுப் பாத்தேன். பதினாறு கிலோ. அதுல என்னோடது ரெண்டு. அதை மட்டும் எடுத்துக்கிட்டேன்."

"அப்ப நான் சாப்பாட்டுக்கு என்ன பண்றது?"

"மனசு கேக்கலதாங்க," என்று சொல்லிவிட்டு அவள் வளைவில் திரும்பி மறைந்தாள்.

பயணி அந்த நாலு கிலோ பையைப் பார்த்தார், பிறகு மகானைப் பார்த்தார். மிகுந்த மரியாதையோடு கேட்டார்:

"அப்ப நீங்க எடையைக் குறைக்கவே இல்லியா சார்? அந்தம்மா முதுகுக்கு மாத்தி விட்டீங்க, அவ்வளவுதானா?"