கருங்கெண்டைகள் ஓய்வு பெறக் கூடாது

கருங்கெண்டைகள் இனி ஊர் ஊராகப் போய்க் கச்சேரி செய்யமாட்டார்கள் என்று அறிவிப்பு வந்த அன்று, ஜப்பானிலேயே அதிகமாக மனமுடைந்தவன் நான்தான். இத்தனைக்கும் நான் ரசிகன் இல்லை. அவர்களுடைய பாட்டுகளில் ஒன்றைக்கூட முழுசாகக் கேட்டதில்லை. கேட்ட பாதியும் நான் ஜன்னலைச் சாத்துவதற்குள் உள்ளே வந்துவிட்டது.

ரசிகை என் மனைவி மிட்சுயோ. கருங்கெண்டைகள் என்பது நான்கு பேர் கொண்ட ராக் இசைக்குழு. நால்வரும் எழுபதைத் தாண்டியவர்கள். மேடையேறும்போது கிடார் சத்தத்துக்கு முன்னால் முழங்கால் சத்தம் கேட்கும். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே மிட்சுயோ அவர்களுக்குத் தன் இதயத்தைக் கொடுத்துவிட்டாள். மிச்சமிருந்த உறுப்புகளோடு என்னைக் கல்யாணம் செய்துகொண்டாள்.

வருஷத்தில் ஏழெட்டுத் தடவை, அவர்கள் எந்த ஊரில் பாடினாலும், கழுத்தில் குழுவின் பெயர் போட்ட கறுப்புத் துண்டைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவாள். சனிக்கிழமை போனால் ஞாயிறு சாயங்காலம்தான் திரும்புவாள். நான் வாசலில் நின்று கையசைப்பேன். முகத்தை எவ்வளவு தொங்கப்போட முடியுமோ அவ்வளவு தொங்கப்போடுவேன். அவள் தெருமுனை திரும்பியதும், எதிர்வீட்டு முடிதிருத்தகத்தில் 'இன்று விடுமுறை' பலகை தொங்கும். கடைக்காரர் ஒனுமா, ரயில் நிலைய அதிகாரித் தொப்பியை மாட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்குள் நுழைவார்.

விஷயம் இதுதான். என்னிடம் பொம்மை ரயில்கள் இருக்கின்றன. பொம்மை என்று நான் சொல்லலாம், மற்றவர்கள் சொல்லக் கூடாது. எங்கள் வீட்டில் எட்டுப் பாய் விரிக்கிற பெரிய அறை ஒன்று உண்டு. விருந்தாளிகளுக்கு என்று மிட்சுயோ துடைத்துத் துடைத்து வைத்திருக்கும் அறை. அவள் போனதும் அங்கே தண்டவாளம் விரியும். சமையலறையில் புறப்படும் விரைவு வண்டி நடையைக் கடந்து, பெரிய அறையைச் சுற்றி, புத்தர் மாடத்துக்கு முன்னால் வேகத்தைக் குறைத்து, திரும்பி வரும். நானும் ஒனுமாவும் உள்ளாடையோடு தரையில் படுத்து, கன்னத்தைப் பாயில் வைத்து, வண்டி கண்ணுக்கு நேரே வருவதைப் பார்ப்போம். நூடுல்ஸைச் சட்டியோடு சாப்பிடுவோம். அதைவிடப் பெரிய வாழ்க்கை இருக்கிறது என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன்.

ஞாயிறு சாயங்காலம் மிட்சுயோ மிஷிமாவில் ரயில் மாறும்போது போன் செய்வாள்.

"என்னங்க, பால் வாங்கணுமா?"

"ஆமாமா, வாங்கிட்டு வா!"

மிஷிமாவிலிருந்து எங்கள் நுமாஸு ஒரே நிறுத்தம். ஆனால் பால் கடை எதிர்த் திசையில் இருக்கிறது. அந்த நேரத்துக்குள் தண்டவாளம், பாலம், சுரங்கம், பயணிகள் எல்லாம் பெட்டிக்குள் போய், பெட்டி அலமாரிக்குள் போய், ஒனுமா அவர் வீட்டுக்குள் போய்விடுவார். எனக்குப் பாலைக் கண்டாலே குமட்டும். இருந்தாலும் குடித்துத் தொலைப்பேன். என் உடம்பில் உறுதியாக இருப்பது எலும்பு ஒன்றுதான்.

இப்போது புரிந்திருக்கும்.

"இனிமே சனிக்கிழமையெல்லாம் வீட்லயேதான் இருப்பேன்" என்றாள் மிட்சுயோ, கறுப்புத் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"எல்லாச் சனிக்கிழமையுமா?"

"ஞாயித்துக்கிழமையும்."

எனக்கும் கண் கலங்கிவிட்டது.

"நீங்க எதுக்கு அழறீங்க?"

"உன் கஷ்டத்தப் பாத்துத்தான்."

ஒனுமாவிடம் ஓடினேன். அவர் ஒருவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தார். செய்தியைக் கேட்டு அவர் கத்தியோடு என் பக்கம் திரும்பிய வேகத்தில் அந்த ஆள் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"வேற குழுவப் பிடிச்சுக் குடுங்க அண்ணே. இளவட்டமா, நல்லா ஊர் சுத்தற பசங்களா."

"சொல்லிப் பாத்தேன்யா."

"என்ன சொன்னாங்க?"

"'வேற புருஷன் பாத்துக்கோன்னு சொல்ற மாதிரி இருக்கு'ன்னா. அப்புறம் யோசிச்சுட்டு, 'அதக்கூட ஒத்துக்கலாம், இத ஒத்துக்க முடியாது'ன்னா."

அன்றைக்கே சபதம் எடுத்தேன். கருங்கெண்டைகளை ஓய்வு பெற விடுவதில்லை. நேரில் பார்த்துப் பேசி மனதை மாற்றுவது. இன்னும் இரண்டே ஊர்கள் பாக்கி. ஹமாமத்ஸு, பிறகு டோக்கியோ. ஹமாமத்ஸுவுக்கு வரவேண்டிய ஒரு ரசிகைக்கு முழங்கால் அறுவை சிகிச்சை. அந்த டிக்கெட்டுக்கு நான் கை தூக்கினேன்.

மிட்சுயோ என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

"அந்த நாலு பேர்ல யாரு யாருன்னாவது தெரியுமா உங்களுக்கு?"

"நடுவுல நிக்கறவரு பாடுவாரு. பின்னாடி உக்காந்திருக்கறவரு அடிப்பாரு."

"மத்த ரெண்டு பேரு?"

"அவங்க துணைக்கு வர்றவங்க."

ரயிலில் போகும்போது அவளே எனக்கு ஆயுதத்தை எடுத்துக் கொடுத்தாள். பேஸ் கிடார் வாசிக்கும் தோகாஷிக்கு முதுகுவலி. கச்சேரிக்கு முன்னால், எந்த ஊராக இருந்தாலும், அரங்கத்துக்குப் பக்கத்திலுள்ள பொதுக் குளியல் கூடத்தில் வெந்நீரில் உட்கார்ந்துவிடுவார்.

"எந்த ரசிகனும் அங்க போயி அவர்ட்ட பேசமாட்டான். அதுதாங்க எங்க மரியாதை."

நான் ரசிகன் இல்லை என்பதை மனதுக்குள் இன்னொரு முறை உறுதி செய்துகொண்டேன்.

அரங்க வாசலில் அவளுடைய தோழிகள் காத்திருந்தார்கள். மிட்சுயோவைச் சேர்த்து எட்டுப் பேர். கூட்டத்துக்குத் தலைவி குஷிரோவிலிருந்து வந்திருந்த ஹிசாயே. நண்டுப் படகு வைத்திருக்கும் குடும்பம். சாதாரணமாகப் பேசினாலே நடுக்கடலுக்குக் கேட்கும். ஒருவருக்கொருவர் ஊறுகாய், உலர்ந்த மீன், கம்பளிக் காலுறை என்று பைகளை மாற்றிக்கொண்டார்கள். பிறகு ஹிசாயே வழக்கத்துக்கு மாறாக மெதுவாகச் சொன்னாள்:

"பாட்டு எங்கடி போகப் போகுது? வீட்லயே கேட்டுக்கலாம். நம்ம ஒருத்தர ஒருத்தர் எங்க பாத்துக்கறது?"

மிட்சுயோ அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். இதை நான் கவனித்தேன். ஆனால் எனக்கு என் கவலை.

"நீங்க துண்டு விக்கற வரிசையில நில்லுங்க" என்றாள் மிட்சுயோ. "நாங்க ஒரு வேலையா போயிட்டு வந்துடறோம்."

ஹமாமத்ஸு விலாங்கு மீனுக்குப் பேர்போன ஊர். சாப்பிடப் போகிறார்கள் என்று நினைத்தேன். அவர்கள் மறைந்ததும் வரிசையை விட்டு நழுவினேன்.

வீட்டில் குளியல் தொட்டி வந்ததிலிருந்து நான் பொதுக் குளியல் கூடத்துக்குப் போனதில்லை. உள்ளே எதுவும் மாறவில்லை. சுவர் முழுக்க ஃபூஜி மலை ஓவியம். மலையில் பாதி எங்களுக்கு, மறுபாதி நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் பெண்களுக்கு. ஒரே ஒரு கிழவர், தலையில் சின்னத் துண்டோடு, கழுத்துவரை வெந்நீரில் கிடந்து ஏதோ முனகிக்கொண்டிருந்தார். முதுகுவலிதான் என்று நினைத்துக்கொண்டேன். பக்கத்தில் போய் இறங்கினேன்.

"தோகாஷி ஐயாதானே? ஓய்வு மட்டும் எடுத்துடாதீங்கய்யா."

முனகல் நின்றது. கிழவர் ஒரு கண்ணைத் திறந்தார்.

"ரசிகரா?"

"அதைவிட மேல."

"வாசிக்கறதுல ஒண்ணும் கஷ்டமில்லப்பா" என்றார். "மேடை ஏறிடலாம். பஸ் ஏற முடியல. ஓட்டல் தலையணை ஒவ்வொரு ஊர்ல ஒவ்வொரு உசரம். எங்க டிரம்ஸ்காரரு அதாமியில வீடு கட்டிட்டு உக்காந்துட்டாரு. அங்கருந்து அரை மணிக்கு மேல போனா இடுப்பு பிடிச்சுக்குது அவருக்கு."

"அப்ப ஒரே ஊர்ல உக்காந்து வாசிங்க! சனங்க உங்களத் தேடி வரட்டும்!"

தோகாஷி இன்னொரு கண்ணையும் திறந்தார். "அட. எந்த ஊர்ல?"

"குஷிரோ! இல்லன்னா ககோஷிமா. எவ்வளவு தூரமோ அவ்வளவு நல்லது."

"ஏன் தூரம்?"

ஆண்கள் மட்டும் உள்ள இடம். வெந்நீர். எனக்கு வாய் தளர்ந்துவிட்டது. மிட்சுயோ, எட்டுப் பாய் அறை, ஒனுமாவின் தொப்பி, உள்ளாடை, மிஷிமா போன், பால் எல்லாவற்றையும் கொட்டினேன். தோகாஷி சிரித்த சிரிப்பில் தலைத்துண்டு தண்ணீரில் விழுந்தது. சிரித்துக்கொண்டே ஏனோ ஃபூஜி மலையின் உச்சியைப் பார்த்தார்.

"உங்க வீட்டம்மாவுக்கு இது எதுவும் தெரியாதா?"

"அவளுக்கு என்னய்யா தெரியும்? பாவம், பால் வாங்கிட்டு வருவா."

ஃபூஜி மலைக்கு மேலிருந்து ஒரு குரல் வந்தது.

"என்னங்க! சோப்பு இருந்தா இந்தப் பக்கம் தூக்கிப் போடுங்க!"

அந்த நடுச்சுவர் கூரையைத் தொடாது. ஜப்பானில் குளிக்கத் தெரிந்த குழந்தைக்குக்கூடத் தெரிந்த விஷயம். அந்தக் காலத்தில் என் அம்மா, அப்பாவிடம் இப்படித்தான் சோப்பு கேட்பாள். வீட்டுத் தொட்டி அதை மறக்கடித்துவிட்டது.

சோப்பைத் தூக்கிப் போட்டேன். வேறென்ன செய்வது?

அடுத்து ஹிசாயேயின் குரல் கூரை ஓடுகளையெல்லாம் அதிரவைத்தது. "இருபது வருஷமா அவரு வெந்நீர்ல உக்காந்து பாட்டு முனகறதக் கேக்க, மூச்சக்கூட அடக்கிட்டு இந்தப் பக்கம் உக்காந்திருக்கோம்! ஒரு நாள் ஒருத்தி வாயத் திறந்ததில்ல! மிட்சுயோ வீட்டுக்காரரே, இன்னிக்குக் கெடுத்தீங்களே!"

"ஐயா, உங்களுக்கு இது தெரியுமா?" என்று கிசுகிசுத்தேன்.

"அந்தப் பக்கம் தண்ணி மொள்ற சத்தம் நின்னா வந்துட்டாங்கன்னு அர்த்தம்" என்றார் தோகாஷி. "அப்புறம்தான் முனகவே ஆரம்பிப்பேன்."

வெளியே போகப் பயந்து, வேகவைத்த ஆக்டோபஸ் நிறம் வரும்வரை தண்ணீரிலேயே கிடந்தேன். கடைசியில் தள்ளாடி வெளியே வந்தபோது, முன்கூடத்துப் பெஞ்சில் தோகாஷியும் மிட்சுயோவும் பழைய சிநேகிதர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். என்னைக் கண்டதும் பேச்சு நின்றது. மிட்சுயோ கையில் ஒரு குளிர்ந்த பாட்டில்.

"பால் குடிக்கறீங்களா?"

குடித்தேன்.

அதற்குப் பிறகு அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ரயிலில் கேட்கவில்லை, வீட்டில் கேட்கவில்லை. ஒனுமாவிடம் சொன்னபோது அவர் முகம் வெளுத்தது. "திட்டிட்டாங்கன்னா தேவல அண்ணே. சும்மா இருக்காங்கன்னா ஏதோ நடக்கப்போகுது."

டோக்கியோவில் கடைசிக் கச்சேரி. மிட்சுயோ கறுப்புத் துண்டோடு கிளம்பினாள். நான் கையசைத்தேன். இந்தத் தடவை முகம் தானாகவே தொங்கியது. நானும் ஒனுமாவும் இருந்த தண்டவாளத்தையெல்லாம் விரித்தோம். உள்ளாடையோடு இல்லை, நல்ல உடை உடுத்தி. கடைசி வண்டிக்கு எழுந்து நின்று வணக்கம் செலுத்தினோம். ஒனுமா தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டார்.

ஞாயிறு சாயங்காலம் போன் அடித்தது.

"என்னங்க, பால் வாங்கணுமா?"

எனக்கே வெட்கமாகிவிட்டது. "மிட்சுயோ, உனக்குத்தான் எல்லாம் தெரிஞ்சுபோச்சே. இன்னும் எதுக்குப் பாலு?"

"எனக்கு எப்பத்தாங்க தெரியாது? மொத தடவையே பெருக்கும்போது கைவிரல் அளவு ஒரு பயணி பெட்டியோட நின்னுட்டிருந்தாரு. எடுத்து உங்க அலமாரியில வெச்சதே நான்தான்."

"அப்ப பால்?"

"நம்ம வீட்ல யாருங்க பால் குடிக்கறா? சட்டுனு வந்து நின்னா நீங்க பாலத்தக் கழட்டறதுக்குள்ள பதறிப்போயிடுவீங்களேன்னுதான்."

இருபது வருஷப் பால் என் தொண்டையில் வந்து நின்றது. ஒனுமா சைகையில் 'என்ன, என்ன' என்றார். பொறு என்று கையைக் காட்டினேன்.

"இன்னொரு சேதி" என்றாள் மிட்சுயோ. "நேத்து மேடையில சொல்லிட்டாங்க. பயணம் கிடையாது. ஆனா மாசம் ஒரு சனிக்கிழமை ஒரே ஊர்ல உக்காந்து வாசிப்பாங்களாம். உங்க யோசனதான். தோகாஷி உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னாரு."

ஒனுமாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். "எந்த ஊரு? குஷிரோவா?"

"அதாமியிலருந்து அரை மணிக்குள்ள இருக்கணும், படி ஏறக் கூடாது, உலர்ந்த மீனு நல்லாக் கிடைக்கணும். மூணும் இருக்கற ஊரு ஒண்ணுதானே? துறைமுகத்துல பழைய மீன் ஏலக் கொட்டாய் சும்மாத்தான் கிடக்குன்னு அன்னிக்குப் பெஞ்சுல உக்காந்து நான்தான் சொன்னேன்."

"நுமாஸுவா? நம்ம நுமாஸுவா?"

"ஹிசாயே அக்காவும் மத்த எல்லாரும் நம்ம வீட்லதான் தங்குவாங்க. இத்தன வருஷம் அவங்கவங்க ஊர்ல எனக்குச் சோறு போட்டவங்க. அந்த எட்டுப் பாய் அறைய வேற எதுக்கு வெச்சிருக்கேன்?"

வசந்தத்தில் முதல் சனிக்கிழமை வந்தது. ஏழு பெண்கள், ஏழு பைகள், ஏழு மெத்தைகள். கச்சேரி முடிந்து வந்து பெரிய அறையில் நீள மேஜை போட்டு உட்கார்ந்தார்கள். ஹிசாயே சிரித்தால் புத்தர் மாடத்தில் மணி தானாக அடித்தது. நான் அலமாரிக் கதவுக்கு முதுகைக் கொடுத்து, ரயில் பெட்டிகளைக் காவல் காத்துக்கொண்டிருந்தேன்.

"நகருங்க" என்றாள் மிட்சுயோ. "எடுத்து விரிங்க. குளியல் கூடத்துல கேட்டதிலருந்து பாக்கணும்னு துடிச்சிட்டிருக்காங்க."

விரித்தேன். சமையலறையில் தொடங்கி, நடையைத் தாண்டி, மேஜையைச் சுற்றித் தண்டவாளம். விரைவு வண்டி வந்தபோது ஏழு பெண்களும் கன்னத்தைப் பாயில் வைத்துப் படுத்துப் பார்த்தார்கள். "ஐயோ, ஜன்னல்ல விளக்கு எரியுதுடி!" என்று ககோஷிமாவிலிருந்து வந்திருந்தவள் கத்தினாள். சத்தியமாகச் சொல்கிறேன், என் வாழ்நாளில் அந்த வண்டிக்கு அப்படிப்பட்ட வரவேற்பு கிடைத்ததில்லை. தொப்பியோடு எட்டிப் பார்த்த ஒனுமாவை மேஜைக்கு நடுவில் உட்காரவைத்துச் சாகே மது ஊற்றினார்கள். துரோகி, ஒரு வார்த்தை மறுக்கவில்லை.

சரக்குப் பெட்டியில் சின்னத் தட்டு கச்சிதமாக உட்காரும் என்பதைக் கண்டுபிடித்தது ஹிசாயே.

"ஸ்டேஷன் மாஸ்டரே! சோயா சாஸ் வண்டி ஏன் இன்னும் வரல?"

மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை, சமையலறை நிலையத்தில் இடுப்பில் ஏப்ரன் கட்டிக்கொண்டு நான் நிற்கிறேன். வண்டிகள் நேரம் தவறுவதே இல்லை: போகும்போது ஊறுகாய், திரும்பி வரும்போது நான் கழுவவேண்டிய தட்டு.