காப்பிக்குக் கட்டிய காப்பு

நகல் எடுப்பவர்களிடமிருந்து நாகரிகத்தைக் காப்பாற்றிய பெருமை இந்த உலகத்தில் இரண்டே தரப்பினருக்கு உண்டு. ஒன்று, கம்ப்யூட்டர் விளையாட்டு தயாரித்து விற்ற ஒரு சீமைக் கம்பெனி. மற்றொன்று, நாமக்கல் தாலூக்கா கருங்காட்டுப்பாளையம் மருதாசலம் வகையறா. இதில் சீமைக் கம்பெனி பிந்தி வந்தது.

மருதாசலத்தின் பாட்டனார் தோட்டத்துப் பீர்க்கங்காய் முழங்கை நீளம் காய்க்கும். விதை கேட்டு வந்த எவரையும் அவர் வெறுங்கையோடு அனுப்பியதில்லை. பதமாக வறுத்துக் கொடுத்தனுப்பினார். தகப்பனார் வளர்த்த பொலிகாளையைப் பார்த்துச் சந்தையே வாய் பிளந்தது. அது சாகும்வரை பிரம்மச்சாரியாகவே வாழ்ந்தது. 'நம்மிடம் இருப்பது அடுத்தவனிடம் இருக்கக் கூடாது' என்ற இந்த உயர்ந்த கொள்கைக்குக் 'குடும்ப கௌரவம்' என்று பெயர்.

இப்படிப்பட்ட வீட்டுக்கு 1986ஆம் வருஷம் ஒரு கம்ப்யூட்டர் வந்து சேர்ந்தது. கொண்டுவந்தவன் மருதாசலத்தின் மைத்துனன் தீர்த்தகிரி. லண்டனில் உத்தியோகம், லீவுக்கு வந்திருந்தான். சிலேட்டு அளவில் கறுப்பாக இருந்த அந்தப் பெட்டியை ஒரு பக்கம் டிவியோடும், மறுபக்கம் டேப் ரெக்கார்டரோடும் இணைத்து, ஒரு கேசட்டைப் போட்டான். மாவு மெஷினில் ஆணி விழுந்தது போன்ற ஓலம் ஐந்து நிமிஷம் கேட்டது. அது ஓய்ந்ததும் திரையில் ஒரு மீசைக்காரன் தோன்றிக் கோட்டைச் சுவரில் ஏறினான்.

"இவன் ஆருடா மாப்ள?" என்றார் மருதாசலம்.

"திருடனுங்க மாமா. வெளையாட்டுல நாமதான் அவன்."

"நாமளா? நம்ம வகையறாவுல எவன்டா செவுரேறிக் குதிச்சான்?"

"சும்மா வெளையாட்டுக்குங்க. மூணு உயிரு குடுத்திருக்கறாங்க. ஒண்ணு போனாலும் பாக்கி ரெண்டு இருக்குமுங்க."

"பாடுபடறவனுக்கு ஒரு உயிரு, திருடனுக்கு மூணா? நல்லா இருக்குதுடா உங்க சீமை நாயம்!"

கம்ப்யூட்டரை வந்த வழியே திருப்பி அனுப்பியிருப்பார். ஆனால் தீர்த்தகிரி அப்போது சட்டைப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் வில்லையை எடுத்தான். விளையாட்டு தொடங்கும் முன்பு திரையில் இரண்டு எழுத்துகள் நூல்நூலாகப் பிழிந்துபோட்ட சந்தகை இடியாப்பம் மாதிரி குழம்பிக் கிடக்கும். வில்லையைத் திரைமேல் வைத்துப் பார்த்தால் மட்டும் அவை நேராகத் தெரியும். அந்த எழுத்துகளைத் தட்டினால்தான் கோட்டைக் கதவு திறக்கும்.

"கேசட்ட ஆரு வேணுமின்னாலும் காப்பி எடுத்துப்போடலாமுங்க. வில்லய எடுக்க முடியாதுங்களே. இது காப்பிக்குக் கட்டுன காப்பு மாதிரிங்க மாமா."

மருதாசலத்தின் கண்கள் கலங்கின. கடல் தாண்டி, நிறம் வேறாகி, பாஷை வேறாகி, விதையை வறுத்துக் கொடுக்கும் ஒரு வகையறா இருப்பதை அன்றுதான் அவர் அறிந்தார்.

அவர் காப்பு என்ற சொல்லை லேசாக எடுத்துக்கொள்கிறவர் அல்லர். மறுநாளே பூளைப்பூ, ஆவாரம்பூ, வேப்பிலை மூன்றையும் சேர்த்துக் கட்டினார். தைப்பொங்கலுக்கு முன்னால் வீட்டு எரவானத்தில் செருகும் அந்தக் காப்பை, சித்திரை வெயிலில் டிவியின் தலையில் செருகினார்.

மனைவி சென்னியம்மாள் பதறிப்போய்க் கேட்டாள்: "ஏனுங்க, டிவியில பேய் பூந்துக்கிச்சுங்களா?"

"பேயில்ல. காப்பி."

சென்னியம்மாள் உள்ளே போய் ஒரு டம்ளரில் கொண்டுவந்து கொடுத்தாள்.

தீர்த்தகிரி லண்டனுக்குத் திரும்பிய பிறகும் மருதாசலத்துக்கு நிம்மதி இல்லை. வில்லை அவருடைய இடுப்புக் கயிற்றில் பத்திரமாக இருந்தது. ஆனால் கேசட்டைப் பார்க்கிறவனுக்கு அது யாருடையது என்று எப்படித் தெரியும்? யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். கேசட்டின் தொடக்கத்திலேயே தம்முடைய குரலில் ஓர் எச்சரிக்கையைப் பதிந்துவிட வேண்டும். அதற்காகச் சேலத்தில் கண்ணுசாமியின் ரெக்கார்டிங் கடைக்குப் போனார்.

காலை முதல் இரவு வரை சினிமாப் பாட்டுகளைக் காப்பி எடுத்து விற்பதே கண்ணுசாமியின் தொழில். காப்பியைத் தடுப்பதற்குக் காப்பிக் கடைக்குப் போவானேன் என்று சிலர் கேட்கலாம். நோயாளிகள் கூடும் இடம் என்பதற்காக யாராவது ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருக்கிறார்களா?

கண்ணுசாமி கேசட்டைத் திருப்பிப் பார்த்தார். "மேல ரெக்கார்டு பண்ண முடியாதபடிக்கு மூலையை ஒடைச்சு உட்டிருக்கறானுங்க சீமைக்காரன்."

"நல்ல காரியம் பண்ணியிருக்கறான். இப்ப என்ன பண்றது?"

கண்ணுசாமி அந்த ஓட்டையில் செலோடேப்பு ஒட்டினார். சீமைக்காரனின் காப்பு விலகியது. மருதாசலம் தொண்டையைச் செருமிக்கொண்டு மைக்கின் முன்னால் நிமிர்ந்து நின்றார்.

"இந்தக் கேசட்டு, நாமக்கல் தாலூக்கா கருங்காட்டுப்பாளையம் மருதாசலம் வகையறாவுக்குப் பாத்தியப்பட்டது. இதைக் காப்பி எடுக்கறவன் எவனா இருந்தாலும் திருடன். எங்கூட்ல காப்பிங்கிற பேச்சே கெடையாது!"

"அருமைங்க! நேர்ல பேசற மாதிரியே இருக்குது. ஆனா கொஞ்சம் கரகரங்குதுங்க. இங்க வெச்சுட்டுப் போங்க, கழுவி வெக்கிறேன். சாயங்காலமா வாங்க."

'இந்தக் காலத்திலும் இப்படித் தொழில் சுத்தம் பார்க்கிறவர்கள் இருக்கிறார்களே' என்று வியந்தபடி மருதாசலம் சாப்பிடப் போனார். பகல் முழுவதும் கண்ணுசாமி எதைக் கழுவினார் என்று விசாரிப்பது கௌரவமான குடும்பத்துக்கு அழகல்ல.

ஆறு மாதம் கழித்து, மருதாசலத்தின் மகள் சௌந்திரத்துக்கு ஓமலூரிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளையின் தகப்பனார் குழந்தைவேல், போர்வெல் ரிக்கு லாரிகளுக்குச் சொந்தக்காரர். 'பெண்ணைப் பார்க்க வருகிறோம். கம்ப்யூட்டர் இருக்கிற வீடாமே, அதையும் பார்க்க வேண்டும்' என்று சொல்லி அனுப்பினார். பெண்ணைப் பற்றி மருதாசலத்துக்குக் கவலை இல்லை. கம்ப்யூட்டர் ஓடாமல் போனால் வகையறாவின் மானம் ஓமலூர் வரைக்கும் போய்விடும். ஆகவே, பழைய சின்ன டிவியை மாட்டுக்கொட்டகைக்கு மாற்றிவிட்டுச் சேலத்திலேயே பெரிய கலர் டிவியாகப் பார்த்து வாங்கிவந்தார்.

ஓமலூர்க்காரர்கள் வந்து அமர்ந்தார்கள். ஓலம் கேட்டது, ஓய்ந்தது. திரையில் சந்தகை வந்தது. மருதாசலம் இடுப்பிலிருந்து வில்லையை எடுத்து, விபூதி பூசி, திரைமேல் வைத்துப் பார்த்தார். உள்ளேயும் சந்தகையே தெரிந்தது.

"அப்பா, வில்ல சின்ன டிவிக்குத்தானுங்க ஒத்து வரும்" என்று சௌந்திரம் அடுப்படி வாசலிலிருந்து மெல்லச் சொன்னாள். "பெருசுல எழுத்தெல்லாம் அகண்டு போயிருமுங்க."

"சின்னதுல தெரியறது பெருசுல தெரியாமப் போகுமா? நீ உள்ள போ சாமி."

அவர் உத்தேசமாக இரண்டு எழுத்துகளைத் தட்டினார். தவறு. மறுபடியும் தட்டினார். தவறு. மூன்றாவது முறையும் தவறியதும், 'நீ திருடன்' என்று முடிவுகட்டிய கம்ப்யூட்டர் திரையை மொத்தமாக இருட்டாக்கியது. காசு கொடுத்து வாங்கியவன், வாங்காதவன் என்ற பேதம் பார்க்காமல் இப்படி நீதி வழங்கும் இயந்திரத்தைச் செய்த கம்பெனியைப் பாராட்டாமல் இருக்க முடியாது.

 மருதாசலம் வில்லையை வேட்டியில் துடைத்து இருட்டுத் திரைமேலும் ஒருமுறை வைத்துப் பார்த்தார். அப்போது மதில் சுவருக்கு அப்பாலிருந்து ஒரு கம்பீரமான குரல் கேட்டது.

"இந்தக் கேசட்டு, நாமக்கல் தாலூக்கா கருங்காட்டுப்பாளையம்..."

மருதாசலம் தம் வாயைத் தொட்டுப் பார்த்தார். அது மூடித்தான் இருந்தது.

"...எங்கூட்ல காப்பிங்கிற பேச்சே கெடையாது!"

அதைத் தொடர்ந்து ஓலம், பிறகு மீசைக்காரன் கோட்டைக்குள் நுழையும் மணியோசை. மாப்பிள்ளையின் தாயார் செல்லியம்மாள் கைகொட்டிச் சிரித்தாள்.

"அட, நம்ம காப்பி இல்லாத ஊட்டுக்காரரு! பேரக் கேட்டப்பவே சந்தேகப்பட்டனுங்க, நீங்கதானுங்களா அது? வந்தவங்களுக்கு ஒரு வாய் காப்பி ஊத்தாத மவராசன் ஆருடான்னு ஓமலூர்ல நாங்க பேசாத நாளில்லைங்க!"

எல்லோரும் மதிலோரம் போனார்கள். அந்தப் பக்கம் பங்காளி மயில்சாமி டேப் ரெக்கார்டரும் கையுமாக நின்றார். அவர் வீட்டிலும் அதேபோல ஒரு கறுப்புப் பெட்டி வந்திருந்தது; அவருடைய டிவியில் மீசைக்காரன் குதியாட்டம் போட்டுக்கொண்டிருந்தான்.

"வாங்கண்ணா! சேலத்துல கண்ணுசாமி கடையில வாங்குனதுங்க. வில்லையும் வேண்டாம், கில்லையும் வேண்டாம். காலேஜ் வாத்தியாரு ஒருத்தரு அந்தக் கதவையே பேத்து எடுத்துட்டாருங்க. போட்டா ஓடுது!"

"அடேய்! எங்கூட்டுச் சொத்து!" என்று மருதாசலம் துண்டை உதறினார். அதற்குள் குழந்தைவேல் தலையைச் சொறிந்தார்.

"இருங்க, இருங்க. எங்கூட்டுக் கேசட்டுல இப்பிடி வராதுங்களே. 'எங்க வீட்ல காப்பின்ற பேச்சே கிடையாது'ன்னுதான வரும்?"

உதறிய துண்டு பாதியில் நின்றது. "'வீட்ல'யா?"

"ஆமாங்க. பையன் ஆத்தூர்ல வாங்கியாந்தது. கம்ப்யூட்டரு இல்லைங்க, டேப்புல உங்க பேச்ச மட்டும் போட்டுக் கேக்கறதுங்க."

"எஞ் சென்மத்துல நான் 'வீடு'ன்னு சொன்னது கெடையாது! எவனோ எங் கொரல்ல பேசியிருக்கறான்! டூப்ளிகேட்டு!"

"அது ஊரறிஞ்ச சங்கதிதானுங்கண்ணா" என்றார் மயில்சாமி. "வாங்கறவங்க மொதல்ல உங்க பேச்சத்தான் போட்டுக் கேப்பாங்க. 'ஊடு'ன்னு வந்தா அசலு. 'வீடு'ன்னு வந்தா அப்பிடியே வெச்சுட்டு வந்தர்றதுங்க."

மருதாசலத்தின் ரத்தம் கொதித்தது. காப்பி எடுத்தது போகட்டும். காப்பியையே ஒருவன் காப்பி எடுப்பதா? அதுவும் சம்பந்தியாகப் போகிறவர்கள் வீட்டில் டூப்ளிகேட் கேசட் இருப்பதா? வகையறாவின் மானம் என்ன ஆவது?

"மயிலு! உன்ற ரெக்கார்டர அந்தக் கேசட்டோட மதிலுக்கு மேல குடு. எங்கூட்டதும் வரட்டும். சென்னி, ஒரு புதுக் கேசட்டு எடு!"

இரண்டு ரெக்கார்டர்களையும் வயரால் கோத்துத் திண்டு போட்ட கட்டிலில் வைத்தார்கள். நல்ல நேரம் பார்த்து, கிழக்கு முகமாக அமர்ந்து, மருதாசலம் தம் கையாலேயே இரண்டு பொத்தான்களையும் ஒரே சமயத்தில் அமுக்கினார். முதலில் அவருடைய குரல் ஓடியது. 'திருடன்' என்ற இடம் வந்தபோது, சொல் சுத்தமாகப் பதிகிறதா என்று காதைக் கொடுத்துக் கேட்டுத் திருப்தியாகத் தலையை ஆட்டினார். வெற்றிலை பாக்கு வைத்த தட்டில் அந்தக் கேசட்டையும் வைத்துக் குழந்தைவேலின் கையில் கொடுத்தார்.

"இதுதானுங்க அசல் காப்பி. அந்த ஆத்தூர்க் குப்பையத் தூக்கி வீசீருங்க."

அந்த நொடியிலேயே சம்பந்தம் முடிவானது. எல்லோருக்கும் காப்பி வந்தது; செல்லியம்மாள் இரண்டாவது டம்ளரும் கேட்டு வாங்கிக் குடித்தாள்.

மயில்சாமிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. மதில்மேல் எட்டி, பங்காளியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க ஒண்ணுக்கும் பயப்படாதீங்கண்ணா. நாளைக்கு அந்தச் சீமைக் கம்பெனிக்காரன் போலீசோட வந்து, இங்க திருடன் ஆருன்னு கேட்டாலும், இந்த ஜில்லாவுல ஒருத்தன் வாயத் தொறந்து உங்களக் காட்டிக் குடுக்க மாட்டானுங்க. கேசட்ட மட்டும் போட்டு உடுவமுங்க."