ரேவன் குன்றில் தலையும் வாலும்

மொரீன் பிளெவினுக்கு இழைக்கப்பட்ட அநீதி முப்பத்திரண்டு பக்கம், வழவழப்பான அட்டை. அட்டையில் 'ரேவன் குன்று வட்டநடை'. அதற்குக் கீழே, எதிர்க்குன்றில் மேய்கிற ஆடும் எழுத்துக்கூட்டிப் படிக்கிற அளவில், 'ஆசிரியர்: டெஸ்மண்ட் பிளெவின்'.

நடந்தவள் மொரீன். நான்கு வருஷம், வியாழக்கிழமைதோறும். மழை பெய்தால் மழைச்சட்டை. வெயில் அடித்தாலும் மழைச்சட்டை, ஷ்ராப்ஷயர் மாவட்டத்து வெயிலை யார் நம்புவது? குன்று, காடு, சுண்ணாம்புக்கல் வெட்டி முடித்துக் கைவிட்ட பழைய குவாரிகள் என்று ஒரு சுற்று. எந்த வேலியில் தாண்டுவதற்கு வைத்த ஏறுபடி ஆடுகிறது, எந்த வயலில் காளை முறைக்கிறது, எந்தக் குவாரிக்குள் போனால் போன வழியே திரும்பித்தான் ஆகவேண்டும் என்பதையெல்லாம் சேற்றுக் கையோடு நோட்டில் குறித்தவள் அவள்.

அந்த நான்கு வருஷமும் அவள் கணவர் டெஸ்மண்ட் என்ன செய்தார்? தேவாலய வாசலில் காரை நிறுத்தி, கண்ணாடியை ஏற்றிவிட்டு, குறுக்கெழுத்துப் போட்டார். நில அளவை அலுவலகத்தில் முப்பது வருஷம் நாற்காலியை மட்டுமே அளந்து ஓய்வு பெற்றவர். பழக்கம் விடுமா? ஒருநாள் நோட்டை எடுத்தார், தட்டச்சு செய்தார், அச்சுக்குக் கொடுத்தார். ஆசிரியர் ஆகிவிட்டார்.

"என் பேர் எங்கே, டெஸ்மண்ட்?"

"பிளெவின்னு போட்டிருக்கே, பார்க்கலை? அது உன் பேரும்தானே!"

இந்தப் பதிலுக்குத் தண்டனை இல்லாதது சட்டத்தின் குறை.

அட்டையோடு நின்றிருந்தாலாவது போகட்டும் என்று விடலாம். நடைச் சங்கத்தின் செயலாளர் பெரில் ஒரு கடிதம் போட்டார். தேவாலய வாசலில் ஓக் மரப்பலகை வைக்கப்போகிறார்களாம். இந்த வட்டநடையை உருவாக்கியவர் பெயரை அதில் செதுக்குவார்களாம். அதற்கு முன் சனிக்கிழமை சங்கத்தார் ஒருமுறை நடந்து பார்ப்பார்கள். வழிநடத்த வேண்டியவர் ஆசிரியர். டெஸ்மண்ட் புது பூட்ஸ் வாங்கினார். காகித அட்டை என்றாவது கிழிந்துபோகும். ஓக் மரம் இருநூறு வருஷம் நிற்கும். மொரீன் அன்றிரவு சாப்பிடவில்லை.

சனிக்கிழமை காலை, முட்டை சாண்ட்விச்சை மடித்துக்கொண்டே கேட்டாள்.

"நோட்டுல முதல் வரி இருந்ததே. 'முதல்ல காட்டுக்குள்ள போ, குவாரி கடைசியில'ன்னு. புஸ்தகத்துல காணோமே?"

"ரொம்பச் சப்புன்னு இருந்தது. எடுத்துட்டு அந்த இடத்துல ரோமானியர்களைப் போட்டுட்டேன்."

"ரோமானியர்கள் ரேவன் குன்றுக்கு வந்தாங்களா?"

"வரலைன்னு நீ பார்த்தியா?"

"சரி. இன்னிக்கு எந்தப் பக்கம் தொடங்கப்போற?"

"குவாரிப் பக்கம்! எடுத்த எடுப்புலயே அசத்திடணும்."

"நான் எழுதினது காட்டுப் பக்கத்துலருந்து, டெஸ்மண்ட்."

"வட்டம்தானே மொரீன்! எந்தப் பக்கம் போனா என்ன?"

மொரீன் சாண்ட்விச்சைப் பையில் வைத்தாள்.

"ஆமா," என்றாள். "வட்டம்தான். நான் வாலா வர்றேன்."

வால் என்றால் வரிசையின் கடைசி ஆள். யாரும் பின்தங்கிவிடாமல் பார்த்துக்கொண்டு, திறந்த வேலிக்கதவுகளைச் சாத்திக்கொண்டு வரவேண்டியவர். மனைவிக்கு இதைவிடப் பொருத்தமான இடம் டெஸ்மண்டுக்குத் தோன்றவில்லை.

பதினான்கு பேர் கிளம்பினார்கள். அரை மைலில் புத்தகம் 'இடப்பக்கம் ஏறுபடி' என்றது. இடப்பக்கம் முட்செடி. 'வலப்பக்கம் காடு' என்றது. வலப்பக்கம் குட்டை, அதில் ஒரு வாத்து. 'இனி இறக்கம்' என்ற இடத்தில் பாதை வானத்தைப் பார்த்து ஏறியது.

"ரொம்பச் சுவாரசியமான பாதை," என்றார் பெரில்.

அந்த ஊரில் சுவாரசியம் என்றால் தொலைந்துவிட்டோம் என்று அர்த்தம். ஆனால் தலைவரிடம் போய் வழி தப்பு என்று சொல்வது பண்பாடு இல்லை. பதினான்கு பேரும் பண்பாடு கெடாமல் தொலைந்தார்கள்.

குவாரி விளிம்பில் ஒற்றையடிப் பாதை. ஒரு பக்கம் கம்பிவேலி, மறுபக்கம் மஞ்சள் பூத்த முட்புதர். ஒருவரை ஒருவர் தாண்ட முடியாது. முன்னால் பாதை இரண்டாகப் பிரிந்தது. டெஸ்மண்டுக்கு வியர்த்தது. திரும்பிப் பெரில் காதில் சொன்னார்:

"பின்னாடி ஒரு சேதி சொல்லி அனுப்புங்க. மொரீன் இந்த இடத்துல எந்தப் பக்கக் காட்சியை ரசிப்பான்னு... சும்மாத்தான், ஒரு ஆசை!"

சேதி பன்னிரண்டு வாய் மாறி வாலுக்குப் போனது. பதில் பன்னிரண்டு வாய் மாறித் தலைக்கு வந்தது.

"அவங்க நிக்கிற இடத்துலருந்து முன்னாடி நிக்கிற டெரன்ஸோட முதுகு மட்டும்தான் தெரியுதாம். நல்ல முதுகுதானாம். டெரன்ஸ் நன்றி சொல்லச் சொன்னார்."

டெஸ்மண்ட் புத்தகத்தைப் பார்த்தார். புத்தகம் 'இடம்' என்றது. இடப்பக்கம் திரும்பிக் குவாரிக்குள் நுழைந்தார். முன்னால் கல்சுவர். வலப்பக்கம் கல்சுவர். இடப்பக்கம் கல்சுவர், அதன் உச்சியில் ஓர் ஆடு நின்று இவர்களைப் பரிதாபமாகப் பார்த்தது. வழி முடிந்தது, டெஸ்மண்ட் முகத்தில் அசடு மட்டும் வழிந்தது. குன்றைச் சுற்றக் கிளம்பியவர் குன்றிப்போனார்.

"எல்லாரும் அப்படியே திரும்பிக்கலாமா?" என்றார் ஈனக்குரலில்.

எல்லாரும் அப்படியே திரும்பினார்கள். தாண்ட இடமில்லாத பாதை. வால் தலையானது. தலை வாலானது.

மொரீன் நடந்தாள். கையில் காகிதம் இல்லை. "தலையைக் குனிங்க, கிளை இருக்கு. இந்த ஏறுபடி ஆடும், நடுவுல மிதிங்க. காளை இருக்கு, வேலியோரமா வாங்க, அது முறைக்கும், அவ்வளவுதான்." ஏறுபடி ஆடியது. காளை முறைத்தது. குன்றும் காடும் சொன்னபடி சொன்ன இடத்தில் வந்து நின்றன. பின்னால் வெகுதூரத்தில் டெஸ்மண்ட் ஒவ்வொரு வேலிக்கதவாகச் சாத்திக்கொண்டு வந்தார்.

தேவாலய வாசலில் பெரில் பென்சிலை எடுத்தார். பலகைக்குப் பெயர் குறிக்கவேண்டும். அதைக் கண்ட டெஸ்மண்ட் கடைசிக் கதவைச் சாத்தாமலே ஓடிவந்தார். மூச்சு வாங்கியது.

"பார்த்தீங்களா பெரில்? என் புஸ்தகத்தோட மகிமை! என் மனைவி அதை ஒரு வரி விடாம மனப்பாடம் பண்ணியிருக்கா!"

பெரிலின் பென்சில் அந்தரத்தில் நின்றது.

"அப்படியா மொரீன்? இவ்வளவு துல்லியமாத் தெரியுதே, எத்தனை தடவை படிச்சீங்க?"

மொரீன் பூட்ஸ் சேற்றைச் சுவரில் தட்டிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்:

"படிக்கவே இல்லைங்க. எழுதினதோட சரி."