கடல்பாசி பாயும் என் ஏழு மார்க்கும்

பூலோகத்தில் கடல்பாசி காய்ச்சியவர்கள் எல்லாரும் அதைத் தின்றார்கள். அதில் படம் போட்டவர் எங்கள் பாய் ஒருவர்தான். அவருக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. சத்தியம் செய்யச் சொன்னாலும் செய்கிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் நான் சேலத்தில் வாத்தியார் டிரெயினிங் படித்தேன். பாய் அங்கே குமாஸ்தா. கேள்வித்தாளை ஊதா மையில் எழுதி, தட்டில் உறைந்திருக்கும் பசையில் ஒற்றி, அதன்மேல் வெள்ளைத்தாளை வைத்து எடுத்தால் பிரதி பிரதியாக வரும். அதுதான் அவர் வேலை. சித்திரை வெயிலில் அந்தச் சீமைப் பசை கஞ்சியாக ஓடிவிட்டது. பாய் அசரவில்லை. நோன்புக்கு வாங்கி மிஞ்சியிருந்த கடல்பாசியை, கிளிசரின் விட்டுக் காய்ச்சித் தட்டில் ஊற்றினார். கல் மாதிரி நின்றது.

அன்றிலிருந்து தட்டு சாயங்காலமானால் அவரோடு வீட்டுக்குப் போய்விடும். அதில் வண்ண மைகளைத் தடவி, வேப்பிலை, நூல், கிழிந்த விசிறி என்று அகப்பட்டதையெல்லாம் அமுக்கி, தாளை ஒற்றி உரிப்பார். என்ன படம் என்று மட்டும் கேட்கக் கூடாது.

"ஏம்ப்பா, மேகத்தப் பாத்து நீ என்னான்னு கேப்பியா?" என்பார்.

ஒருநாள் அவர் மச்சான், தின்பண்டம் என்று நினைத்து ஒரு துண்டை வெட்டி வாயில் போட்டுவிட்டு, மூன்று நாள் ஊதா நாக்கோடு ஜவுளி விற்றார். பாய் ரொம்ப வருத்தப்பட்டார், தட்டில் பள்ளம் விழுந்ததற்காக.

படம் இனாம்தான். ஆனாலும் வாங்க ஆளில்லை. நான் ஒருவன்தான் வாராவாரம் போவேன். எனக்குப் பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

கணக்குப் பரீட்சைக்கு முந்தின வாரம் பார்த்தால், பாய் வீட்டு வாசலில் பள்ளிக்கூடமே திரண்டு நிற்கிறது! அவருக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியா, ஊரு கண்ணத் தொறந்துருச்சு!" என்று எல்லாருக்கும் சர்பத் கரைத்துக் கொடுத்தார்.

பரீட்சை முடிந்தது. ஒருவனைத் தவிர எல்லாருக்கும் தொண்ணூறுக்கு மேல். ஹெட்மாஸ்டர் துருவினார், குட்டு உடைந்தது. அந்த வாரம் பாய் தட்டைச் சரியாகக் கழுவவில்லை. ஒவ்வொரு படத்துக்கு அடியிலும் கேள்வித்தாள் மங்கலாகப் பதிந்திருந்தது.

ஹெட்மாஸ்டர் பாயை எங்கள் எதிரிலேயே நிறுத்தினார். வேலை போகிற விஷயம்.

"கேள்வியை வெளியே விடத்தானே பாய் இத்தனை கிறுக்கலும்? படத்துக்காகவே எவனாவது வருவானா?"

பாய் எங்களைத் திரும்பிப் பார்த்தார். "அப்ப ஒருத்தர்கூட படத்துக்காக வரலியாங்க?" என்றார். வேலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் எழுந்துவிட்டேன்.

"நான் படத்துக்குத்தானுங்க போனேன்! மொதப் படமே என்றகிட்டத்தான் இருக்குதுங்க. அஞ்சு கேள்வியும் அதுல இருக்குதாமா. நான் தலகீழா மாட்டியிருந்தனுங்க. அந்த ஊதாக் கோடெல்லாம் மழைன்னு நெனச்சுட்டனுங்க."

"அதுக்கு என்ன அத்தாட்சி?"

"என்ற மார்க்கப் பாருங்க."

பார்த்தார். நூற்றுக்கு ஏழு.

கூரை பிய்கிற மாதிரி சிரிப்பு. ஹெட்மாஸ்டர் ஆளனுப்பி என் படத்தைக் கொண்டுவரச் சொன்னார். நேராகப் பிடித்தார், கேள்வி. தலைகீழாகப் பிடித்தார். வெகுநேரம் பார்த்தார்.

"மழைதான்," என்றார் கடைசியில். "தட்டை ஒழுங்காக் கழுவும் பாய். எனக்கும் ஒண்ணு போட்டுக் கொடும்."

பாயின் வேலை நிலைத்தது. அவர் படம் ஹெட்மாஸ்டர் அறையில் ஏறியது. எங்களுக்கு மறுபரீட்சை வைத்தார்கள். நான் முன்னேறி எட்டு வாங்கினேன்.

அந்த ஏழு மார்க் விடைத்தாளைப் பாய் கேட்டு வாங்கிப்போய், கண்ணாடி போட்டு, தம் படங்களுக்கு நடுவில் மாட்டிவிட்டார். வருகிறவர்களிடமெல்லாம், "இது நமக்குக் கெடச்ச மெடலு," என்று காட்டுவார்.

அதற்கப்புறம் நான் எத்தனையோ பரீட்சை தேறிவிட்டேன். அதில் ஒன்றையும் யாரும் கண்ணாடி போட்டு மாட்டவில்லை.