பின்மண்டையில பத்து 'டக்'

இந்தச் சனிக்கிழமை எனக்கு ஒரே ஒரு வேலை. யமுனாவோட காலேஜுக்குப் போய் உக்காந்துட்டு வரணும். அவ்ளோதான்.

யமுனா, புதுச்சேரி சாரத்துல எங்க மாடி வீட்ல குடியிருக்கிற பொண்ணு. மூளையைப் பத்தி ஆராய்ச்சி பண்றா. பின்மண்டைகிட்ட ஒரு காந்தக் கருவியை வெச்சு 'டக்'குனு தட்டினா, கண்ணைக் கட்டியிருந்தாலும் மின்னல் மாதிரி வெளிச்சம் தெரியுமாம். தெரிஞ்சா 'ஆமா'. தெரியலன்னா 'இல்ல'.

"ரெண்டு வாரமும் ஒரே மாதிரி வருதான்னு பாக்கணும்க்கா. வந்தாதான் இந்த அளவை நம்ப முடியும். இன்னும் ஒரே ஒரு ஆள்தான் குறையுது. அது முடியலன்னா எங்க மேடம் கையெழுத்துப் போட மாட்டாங்க."

"நான் இருக்கும்போது உனக்கென்னடி கவலை?"ன்னேன். வாய்!

போன வாரம் முதல் தடவை. நெஜமாவே வெளிச்சம் தெரிஞ்சுது! பத்து 'டக்'குக்கும் பதில் சொன்னேன். அதோட விட்டிருக்கலாம்.

இந்த வாரம் பதில் மாறிப் போச்சுன்னா பாவம் அந்தப் பொண்ணு! அதனால மறக்கறதுக்குள்ள எல்லாத்தையும் பஸ் டிக்கெட் பின்னாடி எழுதி, வாரம் பூரா மனப்பாடம் பண்ணேன். ரசம் கொதிக்கும்போதும் "ஆமா, இல்ல, இல்ல, ஆமா..."

"யார்கூட சண்டை போடற?"ன்னு கேட்டார் வீட்டுக்காரர்.

எதுக்கும் இருக்கட்டும்னு உள்ளங்கையிலயும் எழுதிக்கிட்டேன். அங்க போனப்புறம்தான் உறைச்சுது. கண்ணைக் கட்டிடுவாங்களே!

பரவால்ல, மனப்பாடம் இருக்கு.

டக். "ஆமா!"

டக். "இல்ல!"

டக். "இல்ல!"

டக். "ஆமா! இடது பக்கம், பளிச்சுனு!"

யமுனா நிறுத்திட்டா.

"அக்கா... இப்ப கருவியை உங்க தலைகிட்ட வெக்கவே இல்ல. சும்மா சத்தம் மட்டும்தான் குடுத்தேன். நடுவுல இப்படியும் செஞ்சு பாப்போம். போன வாரம் தட்டின வரிசையும் இது இல்ல, மாத்திட்டேன்."

கண்கட்டை அவுத்தா. நான் கையை மடக்கறதுக்குள்ள படிச்சுட்டா.

"ஒரே மாதிரி வருதான்னு நாங்க பாக்கணும்க்கா! நீங்க வர வெக்கக் கூடாது!"

அவ கண்ணு கலங்கிடுச்சு. எனக்கு அப்படியே கூசிப் போச்சு. உதவி பண்றேன்னு வந்து அவ படிப்புல மண்ணை அள்ளிப் போட்டுட்டேனே!

அவங்க மேடம் வந்தாங்க. என் கையைப் பாத்தாங்க. சிரிப்பை அடக்கிக்கிட்டு, "அடுத்த வாரத்துலேர்ந்து ரெண்டு வாரமும் திரும்ப எடு. இவங்க சோப்பு போட்டுக் கை கழுவிட்டு வரட்டும்"னாங்க.

நோணாங்குப்பத்துல போட் ஏறலாம்னு வெச்சிருந்த ரெண்டு சனிக்கிழமையும் போச்சு.

ஸ்கூல்ல பக்கத்துப் பொண்ணைப் பாத்து எழுதி ஒரு நாளும் மாட்டாதவ, என் சொந்த மூளையையே காப்பி அடிச்சு மாட்டிக்கிட்டேன்.