ஓரத்தில் பென்சில் எழுத்து

பல் டாக்டருக்கு ஒரு வைராக்கியம் உண்டு. மனைவி படிக்கிற நாவலை அவர் கையால் தொடமாட்டார். இருபது வருஷமாகக் கட்டிக்காத்த அந்த வைராக்கியத்தை மனைவியே கெடுத்தாள்.

"சனிக்கிழமை நம்ம வீட்டுல புத்தக வட்டம். இந்த நாவலைத்தான் பேசப்போறோம். நீங்க இதைத் தொடக்கூடாது, ஆமா."

"எனக்கு வேற வேலை இல்லையா?"

மறுநாள் காலை அவள் நடக்கக் கிளம்பி, வாசல் கேட்டைச் சாத்தின சத்தம் கேட்டதுதான் தாமதம். மனிதர் நாவலும் கையுமாக உட்கார்ந்துவிட்டார்.

வசதியான புறநகர் ஒன்றில் நடக்கும் கதை. பெரிய வீடு, இரண்டு கார், ஒருவரோடு ஒருவர் முகம்கொடுத்துப் பேசாத குடும்பம். கணவன் பெரிய வக்கீல். கோர்ட்டில் சிங்கம், வீட்டில் சுத்த சோம்பேறி. 'இவனுக்கு நல்லா வேணும்' என்று டாக்டர் ரசித்துப் படித்தார். நாற்பதாம் பக்கம், வக்கீல் ஒழுகும் குழாயைப் பார்த்தும் பார்க்காமல் போகிறான். ஓரத்தில் மனைவியின் பென்சில் எழுத்து: 'அசல் எங்க வீட்டுக்காரர்! சமையலறைக் குழாய், மூணு மாசம்.'

டாக்டருக்குப் பகீரென்றது. வட்டத்தில் ஆறு பெண்கள். ஆறு பேரும் அவரிடம்தான் பல்லைக் காட்டுகிறார்கள். இதைச் சனிக்கிழமை உரக்கப் படித்துச் சிரித்துவிட்டு, திங்கட்கிழமை அவர் நாற்காலியில் வந்து சாய்ந்தால் அவர் எந்த முகத்தோடு வாயைத் திறக்கச் சொல்வார்? மானம் கப்பலேறிவிடுமே!

அவள் எழுதியதையெல்லாம் பொய்யாக்கிவிட்டால்? ஆகா, என்ன மூளை! அன்றே குழாய் ஒழுகுவது நின்றது. எழுபதாம் பக்கத்தைப் படித்ததும் தொங்கின அலமாரிக் கதவு நிமிர்ந்தது. நூற்றுப்பத்தாம் பக்கம்: 'என் தங்கச்சி வந்தா மட்டும் பேப்பருக்குள்ள முகம்.' மைத்துனியைத் தானே போனில் கூப்பிட்டு நலம் விசாரித்தார். அவள் பதறிப்போனாள்.

"அத்தான், அக்காவுக்கு ஏதாவது ஆயிடுச்சா?"

கடைசிப் பக்கத்தில் எழுதியிருந்தது: 'எத்தனை குறை சொன்னாலும் இவர் மாதிரி நல்ல மனுஷன் கிடைக்கமாட்டார்.' மூன்று தடவை படித்தார். கண் கலங்கிவிட்டது. பாவி மனுஷி, இதை நேரில் ஒரு தடவை சொன்னால் என்ன? அன்று சாயங்காலம், யாரும் சொல்லாமலே, ஐந்து வருஷக் குப்பையை வாரிக் கார் ஷெட்டைக் கழுவிவிட்டார்.

சனிக்கிழமை சமையலறைக் கதவுக்குப் பின்னால் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். இரண்டு மணி நேரம் வக்கீலைத்தான் வறுத்தெடுத்தார்கள். அவரைப் பற்றி மூச்சுக்கூட இல்லை. ஜெயித்துவிட்டோம் என்று நிமிர்ந்தார்.

எல்லோரும் போனபின் பக்கத்து வீட்டு மருந்துக்கடைக்காரர் மனைவி மட்டும் நின்றாள். கைப்பையிலிருந்து ஒரு ரப்பரை எடுத்தாள்.

"உங்க வீட்டு வேலையெல்லாம் முடிஞ்சுதாக்கா? அடுத்து எங்க வீட்டு முறை."

"முடிஞ்சுது. என் எழுத்தை அழிச்சுட்டு உன் வீட்டுக் குறையை எழுதிக்கோ. 'தொடாதீங்க'ன்னு சொல்ல மறந்துடாதே, அதுதான் முக்கியம். கடைசிப் பக்கத்துல 'நல்ல மனுஷன்'னு இருக்கும் பாரு, அதை மட்டும் அப்படியே காப்பியடிச்சுக்கோ."

"அது நிஜமாவே எழுதினதாக்கா?"

"நிஜம்தான்டி," என்றாள் அவள். கதவுக்குப் பின்னால் டாக்டரின் நெஞ்சு விம்மியது.

"ஆனா கார் ஷெட்டு அந்த ஒரு வரியிலதான் சுத்தமாச்சு."