அச்சு முறிந்தவரா, கிணறு தோண்டியவரா?

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய மச்சானுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதுவது. அங்கே எல்லோரும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் இருக்கிறேன். உங்கள் தங்கை சௌக்கியமா என்று எனக்குத் தெரியாது. அவள் நாலு வீடு தள்ளி உங்கள் தம்பி வீட்டில் இருக்கிறாள்.

பேரூராட்சித் தலைவர் பேருந்து நிலைய வாசலில் கல் நடப்போகிறாராம். "ரிட்டயராகி சும்மாதானே இருக்கீங்க, நம்ம ஊருக்கு இந்தப் பேரு எப்படி வந்துச்சுன்னு ரெண்டு வரி எழுதிக் குடுங்க" என்றார். வேலியில் போன ஓணானை மடியில் விட்டுக்கொண்டேன். ஊரை உண்டாக்கிய ஆளின் பெயர்தான் ஊருக்கு, அதில் சண்டை இல்லை. ஆனால் அந்தப் பெயரில் என் கொள்ளுத்தாத்தாவும் இருந்தார், உங்கள் கொள்ளுத்தாத்தாவும் இருந்தார். எங்களவர் வண்டி அச்சு முறிந்து இங்கே தங்கினார் என்று என் அப்பா சொல்வார். உங்களவர் கிணறு தோண்டினார் என்று உங்கள் தங்கை சொல்கிறாள். "அச்சு முறிஞ்சு உக்காந்தவரெல்லாம் ஊரை உண்டாக்கினவரா?" என்றாள். "அவர் உக்காரலேன்னா உங்க கிணத்துல யாரு தண்ணி குடிச்சிருப்பா?" என்றேன். அப்புறம் யார் என்ன பேசினோம் என்று எனக்கே குழப்பம். எப்படியோ என் அம்மா முப்பது வருஷத்துக்கு முன்னால் கொடுத்த கிழிந்த போர்வை வரைக்கும் போய்விட்டது. சமாதானத்துக்காக, இருவரும் ஒரே வண்டியில் வந்தார்கள் என்று எழுதினேன். "எங்க தாத்தா உங்க தாத்தாவோட ஒட்டிக்கிட்டு வந்தாரா?" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். என் சித்தப்பாவும் இதையே எங்கள் பக்கமாகத் திருப்பிக் கேட்டுவிட்டு என்னோடு பேசுவதில்லை. கல் கொத்துபவர் மட்டும் தினமும் உளியோடு வந்து, "யாருன்னு முடிவாச்சா சார்?" என்கிறார்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன் மச்சான், அவள் இல்லாமல் வீடு வெறிச்சென்று இருக்கிறது. காலையில் இரண்டு டம்ளர் எடுத்துவைத்து, ஒன்றைத் திரும்ப அலமாரியில் வைக்கிறேன். உங்கள் கொள்ளுத்தாத்தா ஊரை மட்டுமல்ல, உலகத்தையே உண்டாக்கியிருக்கட்டும். மூத்தவர் நீங்கள், அவளை வரச்சொல்லி ஒரு வரி எழுதுங்கள்.

அக்காவுக்கு என் வணக்கமும், பிள்ளைகளுக்கு ஆசியும். எல்லோரும் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
இரண்டு கொள்ளுத்தாத்தாக்களுக்கு நடுவில் மாட்டிய தங்கை கணவன்

பின்குறிப்பு: ஒன்றும் எழுதவேண்டாம். இதைத் தபாலில் போடப் போனபோது பேருந்து நிலையத்தில் ஒரே கூட்டம். கல் நடும் சேதி கேட்டுப் பக்கத்து ஊர்க்காரர்கள் வந்திருந்தார்கள். இந்தப் பெயருள்ள இரண்டு பேர் அவர்கள் ஊர் வண்டியைத் திருடிக்கொண்டு இங்கே ஓடிவந்தவர்களாம். முதலில் வண்டியைக் கொடு, அப்புறம் கல்லை நடு என்கிறார்கள். உங்கள் தங்கை கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து என் கையைப் பிடித்தாள். "எங்க தாத்தா இந்த ஊர்ப்பக்கமே வந்ததில்ல! இவரோட தாத்தாவும் வந்ததில்ல!" என்று சத்தியம் செய்தாள். நானும் செய்தேன். பெட்டியோடு வீட்டுக்கு வந்துவிட்டாள். ஊர்ப் பெயரை மாற்றச் சொல்லி இப்போது இருவரும் சேர்ந்து மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். அங்கே உங்களை யாராவது விசாரித்தால், நாமெல்லாம் வேறு ஊர் என்று சொல்லிவிடுங்கள்.